அறுபத்திரண்டு கிலோ சின்ன வெங்காயமும் ஒரு ஜோடி ஷாக் அப்சர்பரும்

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.20-க்கு மோட்டார் போட்டேன், 5.41-க்குத் தொட்டி நிரம்பியது. 5.45-க்கு பால் பாக்கெட் இரண்டு. 6.00-க்கு காபி. 6.15-க்கு வண்டியின் டயர்களில் காற்று பார்த்தேன். முன்னால் சரியாக இருந்தது, பின்னால் கொஞ்சம் குறைவு. கைப்பம்பில் அடித்துச் சரிசெய்தேன். 6.50-க்கு என் மனைவி குளித்துத் தலைவாரி, கைப்பையோடு வாசலில் வந்து நின்று, "நான் பஸ்ஸுல போறேன்" என்றாள். அதையும் குறித்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் இது நான்காவது முறை.

நான் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். நூலை அளப்பது, நிறுப்பது, எழுதுவது, கையெழுத்துப் போடுவது. இருபத்தாறு வருடமாக இதைச் செய்ததில் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. ஆலைக்குப் போய்வர ஒரு மொபெட் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு க்ரூஸர் பைக் வாங்கியது ஐம்பதாவது வயதில். தாழ்வான இருக்கை, அகலமான கைப்பிடி, காலை முன்னால் நீட்டி, ஏதோ சாய்வு நாற்காலியில் போவது போல் போகலாம். அதை வாங்கிய நோக்கம் டைரியில் இருக்கிறது: "இருவரும் போக."

முதல் இரண்டு வருடம் இருவரும் போனோம். கொய்யா வாங்க ஆயக்குடி வரைக்கும் போனோம். வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், சாப்பாடு முடிந்ததும் தாம்பூலப் பையோடு உடனே கிளம்பி, வேண்டுமென்றே சுற்றுவழியில் வீடு திரும்பினோம். அதன் பிறகு பின்பக்க ஷாக் அப்சர்பர்கள் இரண்டும் தளர்ந்துபோயின. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, இரும்பும் இரும்பும் முட்டி, 'டக்' என்று ஒரு சத்தம் வரும். முன்னால் இருப்பவனுக்கு அது வெறும் சத்தம். பின்னால் இருப்பவளுக்கு அப்படி இல்லை.

"முதுகெலும்பு மண்டைக்குள்ள ஏறுதுங்க" என்றாள் ஒருநாள்.

எங்கள் வீட்டிலிருந்து வத்தலக்குண்டில் இருக்கும் அவள் தங்கை வீடு வரைக்கும் பதினான்கு வேகத்தடைகள். அவற்றுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பதாம் எண், செம்பட்டிக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இருப்பது. வெள்ளைக் கோடு கிடையாது. கட்டியவர் வேகத்தடை என்று நினைத்துக் கட்டினாரா, வரப்பு என்று நினைத்துக் கட்டினாரா தெரியாது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்பதாம் எண்ணில் ஒரு 'டக்'. அவள் இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். அது முதல் முறை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் பஸ்ஸில் போக, நான் காலி இருக்கையோடு அதே பஸ்ஸுக்குப் பின்னால் வண்டியில் போனேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கும்போது, யாரோ சொந்தக்காரரை எதிர்பாராமல் சந்தித்தது போல, "அட, நீங்களும் வந்துட்டீங்களா?" என்பாள்.

இந்தச் சனிக்கிழமை போனது வேறு காரியமாக. மறுநாள் ஞாயிறு, சகலையின் குலசாமி கோயிலில் கிடா விருந்து. மசாலா அரைக்க, பூண்டு உரிக்க என் மனைவி முன்கூட்டியே போய்விட்டு மத்தியானம் திரும்புவதாக ஏற்பாடு. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"இன்னைக்கு அந்தச் சாமானை மாத்தப் போறீங்கல்ல? நாளைக்கு விருந்துக்கு உங்க வண்டியில வாரேன். ஒரே ஒரு 'டக்'. அம்புட்டுத்தான். அங்கனயே இறங்கிருவேன். அப்புறம் ஆயுசுக்கும் எனக்கு பஸ்ஸு, உங்களுக்கு வண்டி."

என் மனைவி சொன்னால் சொன்னதுதான். அன்றைய பக்கத்தின் மேலே சிவப்பு மையில் எழுதினேன்: "நாளை ஒரே வாய்ப்பு."

மூன்று வாரமாக நான் சும்மா இருக்கவில்லை. பழைய ஷாக்கின் நீளத்தை மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம் வரை இடப்பக்கம் மூன்று முறை, வலப்பக்கம் மூன்று முறை அளந்தேன். என்னென்ன கிடைக்கும் என்று விசாரித்ததில் மூன்று வகை மிஞ்சின. முதல் வகை, வண்டியோடு வந்த அதே சாமான். மாற்றினால் இரண்டு வருடம் சுகம், பிறகு மறுபடி பஸ். இரண்டாவது, இருபது மில்லிமீட்டர் நீளம் கூடியது, சிவப்பு ஸ்பிரிங், பார்க்க அழகு. போன் வீடியோவில் ஒரு தாடிக்காரர் அதைப் போட்டுக்கொண்டு மலைமேல் நின்று காற்று வாங்கினார். மூன்றாவது அதே நீளம், ஆனால் எண்ணெயோடு வாயுவும் அடைத்தது, கறுப்பு. ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வளையம். அந்த வளையத்தைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் இறுகும். மொத்தம் ஐந்து படி.

இரண்டாவதையும் மூன்றாவதையும் உதிரிபாகக் கடையில் சொல்லி, ஒன்றைத் திருப்பித் தருவதாகப் பேசி வாங்கி, 9.30-க்கு பேகம்பூரில் மெக்கானிக் பாயின் பட்டறையில் இறக்கினேன். பாய் வண்டிச் சக்கரத்தின் கம்பி மாதிரி ஒல்லி. இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்தார்.

"சிவப்பு ஜோராத்தான் இருக்கு. ஆனா சார், பின்னாடி தூக்கிரும். ஸ்டாண்டு போட்டா வண்டி ஒரேயடியா சாயும். தங்கச்சி ஏறுறதுக்கு ஏணி கட்டணும்." தங்கச்சி என்று பாய் சொல்வது என் மனைவியை.

"தாடிக்காரர் நல்லா இருக்குன்னு சொன்னாரே, பாய்."

"அந்தாளு பின்னாடி யாரு உக்காந்திருந்தா?"

யோசித்துப் பார்த்தேன். யாருமில்லை. மலைமேல் அவர் தனியாகத்தான் நின்றார். சிவப்புப் பெட்டியை மூடினேன். மூன்று வாரத்து ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

பழைய ஷாக்குகளைக் கழற்றிய பாய், இடப்பக்கத்ததை இரண்டு கையாலும் அமுக்கினார். அமுங்கியது எழுந்து வர யோசித்தது. வலப்பக்கத்தது கொஞ்சம் தேவலை.

"பாத்தீங்களா? தங்கச்சி ஒரு பக்கமாத்தானே உக்காரும்? இடது பக்கம் காலத் தொங்கப் போட்டு?"

"ஆமா, சேலையில வேற எப்படி?"

"அதான் இடது பக்கம் மொதல்ல போயிருச்சு."

"அப்படி இருக்க முடியாது பாய். ரெண்டும் ஒரே இரும்புலதானே மாட்டியிருக்கு, சுமை சமமாத்தானே இறங்கும்?" என்றேன்.

"நீங்க நூலுக்கு டாக்டரு. இதுக்கு நான் டாக்டரு" என்று சொல்லிவிட்டு, கறுப்பு ஷாக்குகளை 10.20-க்குள் மாட்டி முடித்தார். பிறகு வளையத்தைத் திருப்பும் கொக்கி ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒத்த ஆளுன்னா ரெண்டாவது படி. டபுள்ஸுன்னா மூணோ, நாலோ, அஞ்சோ. அது ஆளோட கனத்தைப் பொறுத்து. ரொம்ப எளக்கமா வச்சா 'டக்'கு. ரொம்ப இறுக்கி வச்சா ஆளையே தூக்கி எறியும். தங்கச்சி எம்புட்டு வெயிட்டு?"

கல்யாணமாகி இருபத்துமூன்று வருடம். எங்கள் வீட்டுக் கதவுகளின் அகலம் எனக்குத் தெரியும். மிக்ஸி ஜாரின் எடை தெரியும். என் மனைவியின் எடை தெரியாது. கேட்ட போதெல்லாம், "கல்யாணத்தப்ப நாப்பத்தெட்டு" என்பாள். அது பொய் இல்லை. கேள்விக்குப் பதிலும் இல்லை. ஆஸ்பத்திரியில் எடை மெஷின் பக்கத்தில் போனாலே, "டோக்கன் கூப்பிடுறாங்களான்னு பாத்துட்டு வாங்க" என்று என்னை வெளியே அனுப்பிவிடுவாள். அவளுடைய மருத்துவ ஃபைலில் எடை எழுதும் இடங்களெல்லாம் பால்பாயின்ட் பேனாவால் கறுப்பாக அடிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் அடித்திருந்தாள்.

"நீங்களே ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்க பாய். பாத்திருக்கீங்கல்ல?"

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லா! என்னைய இதுல இழுக்காதீங்க. நாளைக்குத் தங்கச்சி இந்தப் பக்கம் வந்தா நான் எந்த வண்டிக்கு அடியில போயி ஒளியுறது?"

எனவே நானே கணக்குப் போட்டேன். சில வருடங்களுக்கு முன் மாடிப்படியில் அவளுக்குக் கால் பிசகியபோது தூக்கிக்கொண்டு ஆறு படி இறங்கியிருக்கிறேன். நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கினால் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு சிலிண்டர், கொஞ்சம் மேலே. அறுபத்திரண்டு என்று நோட்டில் எழுதினேன். பாய் மூன்றாம் படியில் வைத்தார்.

எழுதியதைச் சோதிக்காமல் விட்டுப் பழக்கமில்லை. 11.15-க்கு வெங்காயப் பேட்டைக்குப் போனேன்.

"சின்ன வெங்காயம் அறுபத்திரண்டு கிலோ. சாக்கோட எடையும் சேத்து" என்றேன்.

தராசடியில் நின்ற வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதென்னங்க அறுபத்திரண்டு? அறுபது வாங்குங்க, இல்ல எழுபதா வாங்குங்க. விருந்தா?"

"இல்ல. டெஸ்ட்டு."

"வெங்காயத்தையா?"

"வண்டிய."

அவர் ஒரு பெரிய சாக்கில் கொட்டி, நிறுத்து, முள் அறுபத்திரண்டில் நின்றதும், பழக்கத்தில் இரண்டு கை வெங்காயத்தை அள்ளி மேலே போட்டார். கொசுறு. நான் அந்த இரண்டு கையையும் எடுத்துக் குவியலில் திருப்பிப் போட்டேன். அவர் மறுபடி போட்டார். நான் மறுபடி எடுத்தேன்.

"ஏன் சார், நம்ம வெங்காயம் சொத்தையா?"

"எடை கூடிரும்ங்க."

"ஏலே, இங்க வந்து பாருங்கடா" என்று அவர் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டார். "கொசுறு வேணாமாம்லே! எடை கூடிருமாம்!" மூன்று பேர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களே கைகொடுத்து மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

கட்டிய கயிறு நிற்கவில்லை. சாக்கு என் முதுகைப் பிறாண்டியது. மூட்டையைப் பிடித்தபடி மெதுவாக வீட்டுக்குப் போய், வண்டி துடைப்பதற்கென்று பழந்துணிப் பெட்டியில் என் மனைவியே போட்டு வைத்திருந்த சேலை ஒன்றை எடுத்தேன். சின்னாளபட்டி சுங்குடி, கத்திரிப்பூ நிறம், மஞ்சள் கரை. மூட்டையைச் சுற்றிக் கட்டி, இரண்டு முனையையும் என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். பாய் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், கனமான பக்கம் இடப்புறம் தொங்கும்படி வைத்தேன். மூட்டை அசையாமல் என் தோளில் சாய்ந்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. எங்கள் சோதனைப் படிவங்களில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.

சாப்பிட்டுவிட்டு 1.40-க்குக் கிளம்பினேன். எட்டு வேகத்தடைகளில் 'டக்' இல்லை. 2.25-க்கு ஒன்பதாம் எண். அங்கேயும் இல்லை. ஒரு தடவை பார்த்து முடிவு செய்வது முறையில்லை என்பதால் திரும்பி வந்து மறுபடி ஏறினேன். பிறகு மறுபடி. போவதும் வருவதுமாக ஏழு முறை ஆயிற்று. மண்டப வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். எட்டாவது முறை திண்டுக்கல்லைப் பார்த்து ஏறி இறங்கி, சாலையில் அப்படியே நிறுத்தி, பையிலிருந்து நோட்டை எடுத்து "8 – இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன்.

வத்தலக்குண்டிலிருந்து வந்த பஸ். கண்டக்டர் முன்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்தினார்:

"யோவ்! பொஞ்சாதிய ஏத்திக்கிட்டு நடுரோட்டுல என்னய்யா எழுத்து வேலை? ஏம்மா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

மூட்டை ஒன்றும் சொல்லவில்லை. பஸ் மெதுவாக உரசினாற்போல் பக்கத்தில் வந்ததும் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"அட கெரகமே! வெங்காய மூட்டைய்யா! மூட்டைக்குச் சேலை கட்டியிருக்காப்ல!"

பஸ்ஸின் இந்தப் பக்கத்து ஜன்னல்கள் முழுக்கத் தலைகள். மூன்றாவது ஜன்னலில் என் மனைவி. என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு, ரோட்டோரம் மேய்கிற மாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மணி 2.58.

நான் வீட்டுக்கு வந்தபோது 3.50. மூட்டையை அவிழ்த்து வாசல் நடையில் இறக்கி வைத்தேன். அவள் எனக்கு முன்பே வந்து, காபி போட்டு, தன் டம்ளரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்து சீட்டு அம்மா சொல்லுது," என்று ஆரம்பித்தாள். "'பாரு தாயி, பாவம், பொஞ்சாதி செத்துப் போயிருக்கும் போல. வெங்காயத்துக்குச் சேலைய உடுத்திக் கூட்டிக்கிட்டுத் திரியுறாரு'ங்குது."

"நீ என்ன சொன்ன?"

"'ஆமாம்மா, பாவம்'னேன்."

நான் சேலையை மடிக்க ஆரம்பித்தேன்.

"அந்தம்மா கண்ணத் தொடச்சுக்கிருச்சு. நான் வேற ஆறுதல் சொன்னேன். என் சாவுக்கு நானே ஆறுதல் சொல்லிட்டு வந்திருக்கேன்." காபியை ஒரு வாய் குடித்தாள். "அது எதுக்கு?"

சொன்னேன். வளையம், ஐந்து படி, பாயின் கேள்வி, எல்லாம்.

"எத்தனை கிலோ அந்த மூட்டை?"

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். "அறுபத்திரண்டு."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மாடிப்படியில தூக்கினேன்ல. ரெண்டு சிலிண்டர் கனம், கொஞ்சம் மேல."

டம்ளர் கீழே இறங்கியது. "சிலிண்டரா?"

"நிறைஞ்ச சிலிண்டர்" என்றேன். அது நிலைமையைச் சீர்செய்யும் என்று எப்படி நினைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். நாளைக்கு பஸ்தான் என்று நினைத்தேன். ஆயுசுக்கும் பஸ்தான். சிவப்பு மையில் எழுதியதற்குக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு, அவள் போகும் பஸ்ஸின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி காலி இருக்கையோடு இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவது என்று மனதில் கணக்குப் போட்டேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். என்னைப் பார்த்ததும் இன்னும் கூடியது.

"மூட்டை... 'ஏம்மா, நீயாச்சும் சொல்லக் கூடாதா'ன்னு... அந்தாளு... வெங்காயத்துக்கிட்ட..."

சிரித்து முடிக்க ஏழு நிமிடம் ஆனது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கும் ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"கிட்ட வாங்க. ஒரு தடவைதான் சொல்லுவேன். அந்த டைரியில ஏறக் கூடாது. பாய்க்குத் தெரியக் கூடாது. என் தங்கச்சிக்கு ஆகவே ஆகாது."

காதில் சொன்னாள்.

நான் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பழகியவன். அன்றைக்கு அந்தப் பழக்கம் உதவியது. அந்த எண்ணை டைரியில் எழுதவில்லை. ஆகஸ்ட் 10-ந் தேதிப் பக்கத்தில் எடை என்ற இடத்துக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கிறது. இங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த வளையத்தை எத்தனை படி திருப்பினாலும் தாங்காது. மூன்றாம் படி போதாது என்பதை மட்டும் சொல்லலாம். நான் அதே மூன்றாம் படியில் வைத்திருந்தால் மறுநாள் ஒன்பதாம் எண்ணில் கட்டாயம் 'டக்'.

"அப்ப நாலாம் படி" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க." வாசல் நடையில் இருந்த மூட்டையைக் காட்டினாள். "இம்புட்டு வெங்காயத்தை வச்சு நாம என்ன பண்றது? விருந்துக்கு வெங்காயம் இனிமேத்தான் வாங்கணும்னு தங்கச்சி காலையில சொன்னா. வாங்காத, நாங்க கொண்டு வாரோம்னு போன் போட்டுச் சொல்லிருறேன். ஒரு பத்து கிலோ பையில போட்டு என் மடியில வச்சுக்கிறேன்."

"பத்தா?"

"பதினஞ்சா வச்சுக்கங்க. குறைவாக் கொண்டு போனா நல்லாருக்காது."

மீதி வெங்காயம் அன்று மாலையே தெருவில் ஐந்து வீடுகளுக்குப் பிரிந்துபோனது. எல்லோரும், என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சும்மாத்தான்" என்றாள். சுங்குடிச் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். இனி அது பழந்துணிப் பெட்டிக்குப் போகாதாம்.

மறுநாள், ஆகஸ்ட் 11, ஞாயிறு. 5.10-க்கு எழுந்தேன். முதல் வேலையாக, மோட்டார்கூடப் போடாமல், பாயிடம் இரவல் வாங்கி வந்திருந்த கொக்கி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெங்காயப் பையையும் கணக்கில் சேர்த்து, இடப்பக்க வளையத்தை ஐந்தாம் படிக்குத் திருப்பினேன். பிறகு வலப்பக்கம். அவளைக் கூப்பிட்டேன். நைட்டியோடு வந்து, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, பதினைந்து கிலோ வெங்காயப் பையை மடியில் வாங்கிக்கொண்டு, நிற்கிற வண்டியிலேயே மூன்று தடவை எழுந்து எழுந்து தொப்பென்று உட்கார்ந்து பார்த்தாள். சத்தம் இல்லை. "ம்" என்றாள். மணி 5.26. அதன் பிறகுதான் மோட்டார் போட்டேன்.